பொதியிலும் அம்பலமும்
(ஊர் கூடிய மன்றங்கள் பற்றிய ஓர் ஒப்புநோக்கு)

குற்றாலத்திற்குத் தெற்கே நீண்டு செல்லும் மலைத்தொடரைப் பொதியில் என்றும் பொதிகை என்றும் வழங்குகிறோம். அம்மலைப் பெயரின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாராய்ச்சியுள் ஈண்டு நாம் புகவில்லை. ஆயினும் பொதியில் என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருள் சங்க இலக்கியத்திலேயே உண்டு என்பதை மாணவர் பலர் மறந்துவிடுகின்றனர். பொது + இல் = பொதியில்; ஊர்க்குப் பொதுவான இல்லம் என்பது அதன் பொருள். உரையாசிரியர்கள் இதற்கு அம்பலம் என்று உரை கூறுவர். ஒருவர்க்கும் உரிமையாகாது ஊரார் அனைவர்க்கும் உரிமையான கூரை ஒன்றைக் குறிக்க நம் முன்னோர் தனிச்சொல் வைத்திருந்தனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அச்சொல்லோடு பிறந்த உடன்பிறப்புகளும் பலவாகும். மன்று, மன்றம், அவை, அவையம், அம்பலம், பட்டிமண்டபம் என அவை விரியும். புகார் நகரத்தின் ஐவகை மன்றங்களைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கிறது. வேம்பும் பலாவும் நிழல் செய்த மன்றங்களைப் பிற நூல்களிலும் காண்கிறோம். இன்று நாம் நாள்தோறும் பேசும் மொழியிலும் இம்மன்றங்கள் உயிரோடு இருக்கின்றன. இறைஞ்சிக் கேட்பதை 'மன்றாடுதல்' என்கிறோம். மன்றத்தில் நின்று வழக்காடியதன் எச்சம் அது. மறைந்து கிடந்தது வெளிப்பட்டால் 'அம்பலமாயிற்று' என்கிறோம். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்னும் பழமொழியை அறியாதார் இல்லை. இப்பழமொழியில் 'ஏறாது' என்னும் வினை வாளா அமைந்ததன்று. அம்பலம் என்பது மேடையிட்டு உயர்த்தப்பட்ட இடம். அங்கே படியேறிச் செல்ல வேண்டும். யாருடைய சொல் படியேறியது, யாருடைய சொல் படியின் கீழேயே நின்றது என்பதே இக்கட்டுரை முழுதும் நம் உள்ளத்தில் நிற்கும் வினாவாகும். அதனோடு மற்றொரு வினாவும் உண்டு: ஊர் கூடிய அந்தக் கூரை யாருடைய கூரை?

இவ்வினாக்களுக்கு விடை காணக் கடல் கடந்து இத்தாலி வரை ஒருமுறை சென்று வருதல் பயன் தரும்.

கி.பி. 11, 12ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலிய நகரங்கள் பேரரசரின் பிடியிலிருந்தும் ஆயர்களின் பிடியிலிருந்தும் மெல்ல விலகித் தம்மைத் தாமே ஆளத் தொடங்கின. தொடக்கத்தில் அந்நகரத்தார் கூடிப் பேசத் தனிக் கட்டடம் கிடையாது. தேவாலயத்தின் முன்றிலிலும் அதன் உள்ளேயும் ஆயரின் மாளிகை வளாகத்திலும் கூடினர். மிலான் நகரில் பேராயர் மாளிகையை ஒட்டியிருந்த இடத்திற்குப் 'புரோலெத்தோ' என்று பெயர். தோட்டம் என்னும் பொருளுடைய 'புரோலோ' என்னும் சொல்லிலிருந்து அது பிறந்தது. பின்னர் 1228ஆம் ஆண்டில் மிலான் நகரத்தார் அவ்விடத்தை விட்டு நகரின் நடுவே வேறிடத்தில் புதிய மன்றம் ஒன்றைக் கட்டத் தொடங்கி 1233இல் முடித்தனர். தோட்டத்தின் பெயர் மட்டும் கூடவே வந்தது. புதிய கட்டடமும் புரோலெத்தோ என்றே வழங்கிற்று. ஆயரின் தோட்டத்தை விட்டு நகரத்தார் தம் கூரையின் கீழ் வந்து அமர்ந்த செய்தி அப்பெயருக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இவ்வகைக் கட்டடங்களுள் பாதுவா நகரத்து மன்றம் பெரும்புகழ் பெற்றது. 1172இல் தொடங்கி 1219இல் நிறைவுற்ற அதனை 'ராஜோனே மாளிகை' என்பர். ராஜோனே என்னும் இத்தாலியச் சொல் ஈண்டு நீதியைக் குறிக்கும். நம் சொல்லால் கூறின் 'முறைமன்றம்'. மேல்தளத்தில் ஏறத்தாழ 81 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் உடைய ஒரே கூடம். இடையே ஒரு தூணும் இல்லை. கப்பலைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற மரக்கூரை 1306இல் அமைக்கப்பட்டது. அக்கூடத்தில் நீதிபதிகள் அமர்ந்தனர். கீழ்த்தளத்தில் கடைத்தெரு. இன்றும் அங்கே இறைச்சியும் பாலாடைக்கட்டியும் விற்கின்றனர். வணிகர் ஏமாற்றாதிருக்கும் பொருட்டு முகத்தல், நீட்டல் அளவைகளைக் கட்டடத்தின் கல்லிலேயே செதுக்கி வைத்தனர். வாங்கியவன் ஐயுற்றால் அங்கேயே வைத்து அளந்து பார்த்துக்கொள்ளலாம். நம் கோயில் சுவர்களிலும் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருப்பதைக் கண்டோர் இதன் பயனை எளிதில் உணர்வர். பாதுவா மன்றத்துள் 'இழிவுக்கல்' என ஒரு கருங்கல் பீடமும் உண்டு. கடன் கொடுக்க இயலாதவன் உள்ளாடையோடு வந்து மும்முறை அதன்மேல் அமர்ந்தெழுந்து, தன் உடைமை அனைத்தையும் துறந்தேன் என்று கூற வேண்டும். கொடுமையாகத் தோன்றினும், சிறையில் கிடந்து மடிவதினும் அது மேல் என்றே அன்று கருதினர்.

சியனா நகரத்தார் 1297இல் தம் ஊர் மாளிகையைக் கட்டத் தொடங்கினர். ஒன்பதின்மர் அவை அந்நகரை ஆண்டது. ஒவ்வொரு குழுவினர்க்கும் இரண்டு திங்களே பதவி. அவ்வொன்பதின்மர் அமரும் அறையின் சுவர்களில் 1338, 1339ஆம் ஆண்டுகளில் அம்புரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் நல்லாட்சியையும் தீயாட்சியையும் தீட்டினார். ஒருபுறம் வீடு கட்டுவோரும் கடை நடத்துவோரும் உழுவோரும். மறுபுறம் கொம்பு முளைத்த கொடுங்கோலனும் அவன் காலடியில் கட்டுண்டு கிடக்கும் நீதியும். ஆள்வோர் நிமிர்ந்து பார்த்த போதெல்லாம் தாம் எவ்வாறு ஆகக்கூடும் என்பதே கண்ணில் பட்டது.

இவ்வோவியத்தை எண்ணும்போது குற்றாலத்துச் சித்திர சபை நம் நினைவிற்கு வாராதிராது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் அது ஒன்று. குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றே விலகித் தனிக் கட்டடமாக நிற்பது. சிலை வடிவின்றி ஓவிய வடிவிலேயே இறைவனைக் கொண்டது. நெல்லையில் தாமிர சபை, மதுரையில் வெள்ளியம்பலம், தில்லையில் பொன்னம்பலம் என ஏனையவற்றுக்கும் சபை, அம்பலம் என்னும் பெயர்களே அமைந்தன. ஊரார் கூடும் இடத்தைக் குறித்த சொற்கள் இறைவன் ஆடும் இடத்திற்கு ஏறிவிட்டன. இதனைக் குறை என்று நாம் கூறவில்லை. தமிழர் தாம் மதித்த ஒன்றையே தம் தெய்வத்திற்கு இருப்பிடமாக்கினர். ஆயினும் சொல் அங்கே சென்றபின், ஊர்மன்றத்தைத் தேடுவோர் கோயிலுக்குள்ளேதான் தேட வேண்டியதாயிற்று.

உண்மையில் அதன் தொடக்கம் மிகப் பழையது. பட்டினப்பாலை காட்டும் பொதியிலிலேயே கந்து எனப்படும் தூணில் தெய்வம் உறைந்தது; மாலையில் விளக்கேற்றினர்; வழிச்செல்வோர் தங்கினர். பொது இல்லமும் வழிபாட்டிடமும் அன்றே ஒரு கூரையின் கீழ் இருந்தன. பிற்காலத்தில் ஊர், சபை, நகரம், நாடு என நால்வகை அவைகள் தமிழகத்தில் இயங்கியபோது, அவை கூடிய இடம் பெரும்பாலும் கோயில் மண்டபமே. சில ஊர்களில் மரத்தடியும் ஏரிக்கரையும் ஆகும். வேளாண் மக்களின் அவை 'ஊர்', பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்களின் அவை 'சபை', வணிகரது 'நகரம்', ஊர்கள் பல சேர்ந்தது 'நாடு'.

நம் பகுதி மாணவர் இச்செய்தியை அறியத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் உள்ளது. அங்குள்ள கோயிலின் இறைவன் பெயரே அம்பலவாணர். அங்கே கிடைத்த மாறஞ்சடையன் என்னும் பாண்டியன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஏறத்தாழ கி.பி. 800ஐச் சார்ந்தது என்பர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டது இது. மேடைகளிலெல்லாம் உத்திரமேரூரே பேசப்படுகிறது. 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் அவ்வூர்ப் பெயர் ஒலித்தது. மானூரை நினைப்பார் அரியர். நெல்லைச் சீமையினராகிய நாமே நினைப்பதில்லை.

மானூர்க் கல்வெட்டு கூறுவது யாது? பெருங்குறி சாற்றிக் கூடிய மகாசபையார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதிகள் அவை. ஊரில் பங்குடையோரின் மக்களுள் நல்லொழுக்கமும் மந்திரப் பிராமணமும் ஒரு தருமமும் கற்றவர் ஒருவரே அவையில் பேச உரியர். விலைக்கு வாங்கியோ கொடையாகவோ சீதனமாகவோ பங்கு பெற்றோர்க்கும் தகுதி வரையறுக்கப்பட்டது. கால், அரை, முக்கால் எனக் குறைந்த பங்குகளுக்கு இடமில்லை. முழுப் பங்கே வேண்டும். குறிக்கப்பட்ட கல்வி இல்லாதாரை எவ்வாரியத்திலும் அமர்த்துதல் கூடாது. இவ்வளவும் பிற இடங்களிலும் எதிர்பார்க்கத்தக்கனவே. இறுதியில் வரும் விதியே நம்மை நிறுத்தி வைக்கிறது. அவையில் எது சொன்னாலும் 'அன்று அன்று' என்று மறுத்துக்கொண்டே இருந்து காரியத்தைத் தடுப்பவரும், அவர்க்குத் துணை நிற்பவரும், ஒவ்வொரு முறையும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும் என்கிறது அது. கூட்டம் நடத்திப் பார்த்தவர்கள் எழுதிய விதி இது என்பதில் ஐயமில்லை. கல்லூரிப் பேரவை முதல் நாடாளுமன்றம் வரை எந்த அவையையும் அறிந்தவர்க்கு இவ்விதி சிரிப்பூட்டும். உடன்பாடின்மையைத் தெரிவிப்பது வேறு, அவையை நடக்கவிடாது செய்வது வேறு என்பதை ஆயிரத்திருநூறு ஆண்டுகட்கு முன் இந்நெல்லை மண்ணில் வேறுபடுத்திப் பார்த்திருக்கின்றனர். மெய்யான மறுப்பையும் அதே தண்டம் வாயடைத்திருக்கக்கூடும் என்பதையும் நாம் மறைத்துக் கூறலாகாது.

உத்திரமேரூர் முறை பாடநூல்களில் இடம்பெற்றது. ஆதலின் சுருங்கக் கூறுவோம். முதற் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், இவ்விதிகள் வகுக்கப்பட்டன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட அகவை ஆகியன தகுதிகள். கடந்த மூன்றாண்டுகளில் பதவி வகித்தோர் வரலாகாது. கணக்குக் காட்டாதோர் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, எதுவும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அதற்குமுன் வெறுங்குடத்தை அனைவரும் காணத் தூக்கிக் காட்டினர். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கிப் படித்தபின் அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைப் படிக்க வேண்டும். விரித்த கையில் வாங்கு என்பதன் பொருள், கைக்குள் வேறோர் ஓலை இல்லை என்று காட்டு என்பதே. மனிதர் கை எவ்வாறெல்லாம் வேலை செய்யும் என்பதை அறிந்தே விதி செய்தனர். இவ்வாறு பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்து 360 நாள் பணியாற்றினர்.

இங்கே இத்தாலியோடு ஒப்புமை வியப்பளிக்கிறது. புளோரன்ஸ் நகரில் 1328 முதல் தகுதி ஆராயப்பட்டோரின் பெயர்களைத் தோற்பைகளில் இட்டுக் குலுக்கி எடுத்தே தலைமை அவையினரை அமர்த்தினர். அவர்க்கும் பதவிக்காலம் இரண்டு திங்களே. அண்மையில் பதவி வகித்தோரும் அவர்தம் உறவினரும் குறித்த காலம் விலகி நிற்க வேண்டும். வெனிஸ் நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலான முறையில் 1268 முதல் குண்டுகளை எடுக்கச் சிறுவன் ஒருவனையே அமர்த்தினர். வட இத்தாலிய நகரங்கள் பல, உள்ளூர்ச் சார்பு நேராதிருக்கப் 'பொதெஸ்தா' என்னும் தலைமை ஆட்சியாளரை வேறு நகரிலிருந்து அழைத்து வந்தன. பதவிக்காலம் முடிந்ததும் அவர் ஊர்விட்டுச் செல்லுமுன் அவருடைய கணக்குகளையும் செயல்களையும் ஆராய்ந்தனர். இவ்விரு நாட்டாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றதாகக் கொள்ளச் சான்று இல்லை. அவ்வாறு கூறுவது ஆய்வும் ஆகாது. ஆட்சியில் அமர்ந்தவர்மேல் ஊரார் கொள்ளும் ஐயம் எங்கும் ஒன்றாதலின் அதற்குக் கண்ட மருந்தும் ஒத்திருந்தது என்பதே பொருந்தும்.

கட்டடத்தில்தான் இருவரும் பிரிகின்றனர். உத்திரமேரூரில் இவ்விதிகள் பொறிக்கப்பட்ட வைகுந்தப்பெருமாள் கோயில், முதலில் சபை கூடும் மண்டபமாகவே எழுந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அஃது உண்மையாயின் மிலானில் நிகழ்ந்ததற்கு நேர்மாறாக இங்கே நிகழ்ந்தது: அவர்கள் ஆயரின் வளாகத்தினின்று வெளியேறித் தனிமன்றம் கண்டனர், இங்கே மன்றமே கோயிலாயிற்று. இத்தாலியிலும் இதற்கு விலக்கு உண்டு. கோமோ நகரத்தார் 1215இல் தேவாலயத்தின் அருகிலேயே கட்டிய புரோலெத்தோவின் ஒரு பகுதியைப் பதினைந்தாம் நூற்றாண்டில் தேவாலய விரிவுக்காக இடித்தனர்.

கோயிலாயினமையால் நம் மன்றங்கட்கு நன்மையும் உண்டாயிற்று. கல்லில் எழுதியது அழியாது காக்கப்பட்டது. ஆனால் கோயிற்சுவர் யார் குரலில் பேசுகிறது என்பது காலந்தோறும் மாறிற்று. தென்காசிக் காசிவிசுவநாதர் கோயில் இதற்குச் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் அதனை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், இக்கோயிலைப் பின்னாளில் காப்போர்க்குத் தான் பணிந்து வணங்குவதாகக் கூறும் செய்யுட்களை அங்கே பொறித்து வைத்தான். முடிமன்னன் முகமறியாத குடிகளைப் பணிகின்ற அப்பண்பு போற்றத்தக்கது. எனினும் மானூரில் பேசுவது 'சபையோம்' என்னும் பன்மை. தென்காசியில் பேசுவது மன்னன் ஒருவன் குரல். அறுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் ஊரவைகள் மெலிந்து மன்னரும் அவர்தம் தலைவரும் ஓங்கிய வரலாறு இவ்விரு கல்வெட்டுகளின் இடையே கிடக்கிறது.

மன்றம் ஒரு சமயத்தார்க்கே உரியதாய் எங்கும் இருந்ததில்லை என்பதற்கும் அண்டையில் சான்று உண்டு. செங்கோட்டை வழியாக மலை கடந்தால் கொல்லம். அங்கே 849இல் தேவாலயம் ஒன்றிற்கு அளிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடு, அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களைக் குறிப்பிடுகிறது. சான்றொப்பங்கள் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. முஸ்லிம்களும் யூதரும் பாரசீகரும் கிறித்தவரும் ஓர் ஆவணத்தின் கீழ் ஒப்பமிட்ட அவையை அது காட்டுகிறது. பள்ளிவாசல் வளாகத்தில் ஜமாஅத் கூடி ஊர்க்காரியம் பேசும் நம் வழக்கமும் இம்மன்ற மரபின் கிளையே. கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்ப் பள்ளிவாசல்களின் கல்தூண் மண்டபங்களைக் கண்டோர்க்கு இவ்வுறவு விளங்கும்.

இனி, படியேறிய சொல் யாருடையது என்னும் வினா. மானூரிலும் உத்திரமேரூரிலும் அவையில் அமர்ந்தோர் நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமண ஆடவர். உழுதவன் இல்லை, நெய்தவன் இல்லை, பெண் இல்லை. 'உலகின் முதல் மக்களாட்சி' என்று மேடையில் முழங்குவோர் இதனை ஒரு வாக்கியத்திலேனும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இத்தாலியும் இதில் உயர்ந்ததன்று. புளோரன்சில் தொழிற்குழுக்களைச் சேர்ந்தோர்க்கே அவையில் இடம். கம்பளித் தொழிலில் கூலிக்கு உழைத்தோர்க்குக் குழு அமைக்கும் உரிமையே கிடையாது. 1378இல் அவர்கள் கிளர்ந்தெழுந்து, 1299இல் கட்டத் தொடங்கப்பெற்ற அந்நகர ஆட்சி மாளிகையின் உள்ளே புகுந்தனர். கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளியாக இருந்த மிக்கேலே தி லாந்தோ நகரத் தலைமைப் பதவியில் அமர்ந்தார். ஏழை சொல் அம்பலம் ஏறிற்று, ஆனால் நிலைக்கவில்லை. 1382க்குள் பழைய குழுக்களே மீண்டும் ஆட்சியைக் கைக்கொண்டன. தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நிறைந்த கடையநல்லூரிலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் வந்து பயிலும் மாணவர் இவ்வரலாற்றை விரித்துப் படித்தல் வேண்டும்.

இன்று நமக்குள்ள மன்றம் கிராம சபை. 1992இல் நிறைவேறி 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு அடிப்படை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஆண், பெண் அனைவரும் அதன் உறுப்பினர். நிலம் கேட்பதில்லை, கல்வி கேட்பதில்லை. முன்னர் ஆண்டிற்கு நான்கு நாள்களில் கூடிய அது, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் உள்ளாட்சிகள் நாளும் சேர ஆறு நாள்களில் கூட வேண்டும் என்றாயிற்று. கூட்டம் குறித்து மாவட்ட ஆட்சியர்கள் விடுக்கும் அறிவிப்புகளில் ஒரு வரியை நாம் அடிக்கடி காண்கிறோம்: சமயச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபையைக் கூட்டலாகாது என்பது அது. பலர் இதனை வெறும் அலுவலகக் கட்டுப்பாடாகவே எண்ணிக் கடந்து செல்வர். கோயில் மண்டபத்தில் கால் வைக்க உரிமை மறுக்கப்பட்டோர் இருந்த நாட்டில், பிற சமயத்தார் வளாகத்துள் நுழையத் தயங்குவோர் இருக்கும் நாட்டில், அவ்வரி பொதியில் என்னும் பழஞ்சொல்லின் முழுப்பொருளை மீட்டுத் தருகிறது. நடைமுறையில் கூட்டம் பள்ளி வளாகத்திலும் சமுதாயக் கூடத்திலும் வேப்பமரத்தடியிலும் நடக்கிறது. வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு உடனே கிளம்புவோரும், கேள்வி கேட்பவரைக் 'கலகக்காரர்' என்போரும் அங்கே இல்லாமலில்லை. மானூர்ச் சபையார்க்கு 'அன்று அன்று' என்போர் தொல்லை. நம் சபைகளிலோ எதற்கும் 'ஆம்' என்று தலையசைத்து எழுந்து செல்வோரே தொல்லை. அதற்குத் தண்டம் எத்தனை காசு என்று எவரும் விதிக்கவில்லை.

கல்வெட்டியலை விருப்பப் பாடமாகக் கொள்ளும் மாணவர்க்கு ஒரு சொல். ஊரார் படிக்க வேண்டும் என்றே மானூரார் தம் விதியைக் கல்லில் எழுதினர். வட்டெழுத்து வழக்கொழிந்தமையால் இன்று அவ்வூரார்க்கே அது படிக்க இயலாத கோடுகளாய்த் தோன்றுகிறது. தென்காசியிலிருந்து மானூர் சென்று திரும்ப ஒரு பகலே போதும். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் கொண்டு சென்று, முதலில் 'அன்று' என்னும் சொல்லைக் கல்லில் தேடுக.